தானே மட்டம் பிடிக்கும் வண்டியை உயர்த்தினோம்

வண்டிக்கு அடியில் பிழைக்கிறவனுக்கு வாடிக்கையாளரின் முகம் கடைசியாகத்தான் தெரியும். முதலில் தெரிவது செருப்பு. நீங்களும் ஸ்பேனரும் கையுமாகத் தரையில் முதுகு தேய்த்தவர் என்றால் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

சங்ககிரி பைபாஸ் ஓரத்தில் எங்கள் பட்டறை. லாரி ஊர் என்பதால் லாரிக்கு ஸ்பிரிங் பட்டை கட்டித்தான் தொழிலை ஆரம்பித்தோம். இப்போது பெரிய எஸ்யூவி வண்டிகளும் வருகின்றன. வருகிறவர்கள் எல்லோருக்கும் வண்டி இன்னும் கொஞ்சம் உயரமாக நிற்கவேண்டும். ஸ்பிரிங்கோடு ஒரு கனமான இரும்பு வளையத்தைச் சேர்த்து, வண்டியின் உடம்பைச் சக்கரத்திலிருந்து மேலே தூக்கி வைப்பதுதான் வேலை. சாதாரண வண்டி என்றால் காலையில் விட்டுச் சாயங்காலம் எடுத்துப்போகலாம். தானே மட்டம் பிடிக்கும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி வந்தால்தான் எங்கள் பாடு திண்டாட்டம். அதில் இரும்பு ஸ்பிரிங் இருக்கவேண்டிய இடத்தில் ரப்பர் காற்றுப்பை இருக்கும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் ஒரு சின்ன கம்ப்ரஸர் ஓடிக் காற்றை நிரப்பும். பாரம் இறங்கினால் காற்றை வெளியே விடும். ஆள் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே உயரத்தில் நிற்கவேண்டும் என்று பிறந்த வண்டி அது. அதன் உயரத்தைத்தான் மாற்றித் தரச்சொல்லி நம்மிடம் விட்டுப்போவார்கள்.

இந்த வேலையில் எனக்கு இரண்டு கைகள் துணை. பக்கத்து லேத் பட்டறை மகேஸ்வரி ஒருவர். டிப்ளமோ படித்துவிட்டுத் தன் லேத்தில் தானே நிற்பவர். இன்னொருவர் ஒயரிங் ராசாமணி. வண்டிக்குள் ஓடும் ஒயர்களிடம் மட்டும்தான் நிறையப் பேசுவார்.

உட்கார்ந்துகொண்ட வண்டி

இந்த வகையில் எங்களிடம் வந்த முதல் வண்டி ரிக் கந்தசாமியுடையது. திருச்செங்கோட்டுக்காரர். போர்வெல் வண்டிகளை வடநாட்டுக்கெல்லாம் அனுப்பித் தொழில் செய்கிறவர். எந்தக் காட்டில் போர் போட்டாலும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவார். வரப்பிலும் கல்லிலும் வண்டியின் வயிறு உரசுகிறது என்று கொண்டுவந்தார். முன்னால் சாதாரண ஸ்பிரிங், பின்னால் காற்றுப்பை. நான்கு பக்கமும் வளையம் வைத்தோம். ஜாக்கியை இறக்கினோம். வண்டி நிமிர்ந்து நின்றது. பார்க்கவே கம்பீரமாக இருந்தது. கந்தசாமி சுற்றி வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்.

சாவியைப் போட்டு என்ஜினை எழுப்பினேன். எங்கிருந்தோ பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம். முன்பக்கம் அப்படியே இருக்க, பின்பக்கம் மட்டும் மெதுவாக, மரியாதையாக, இறங்கி இறங்கிப் பழைய உயரத்துக்கே வந்துவிட்டது. முன்னங்காலை ஊன்றி வாசலில் உட்கார்ந்திருக்கும் நாய் மாதிரி இருந்தது வண்டி. என்ஜினை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். எழுந்திருக்கவில்லை. மகேஸ்வரி லேத்தை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். ராசாமணி பார்த்தார். எதிர்ச் சாரியில் டீக்கடையில் நின்ற லாரி டிரைவர்களும் வந்து பார்த்தார்கள். வேலைக்கு விட்ட வண்டி இப்படி ஆனதற்குக் கந்தசாமி கோபப்பட எல்லா நியாயமும் இருந்தது. அவரோ இடுப்பில் கைவைத்து வண்டியை ஒரு மாதிரி மதிப்போடு பார்த்தார்.

"அது பேச்சை அது கேக்குதுங்க. நம்ம பேச்சைக் கேக்கோணும்னா மொதல்ல அதுக்கு என்ன பாஷை தெரியும்னு பாருங்க" என்றார்.

பின்சீட்டில் சொந்தக்காரர்கள்

அந்த பாஷையைக் கண்டுபிடிக்க வழி சொன்னவர் மகேஸ்வரி. லாரிக்காகத் தோண்டிய பள்ளத்தின் மேல் வண்டியை நிறுத்தினோம். நான் பள்ளத்துக்குள் டார்ச்சோடு இறங்கினேன். பின்னால் பாரம் ஏற்றவேண்டும். எந்த உறுப்பு அசைகிறது என்று நான் கீழே இருந்து பார்க்கவேண்டும். சிமெண்ட் மூட்டை தேடிக்கொண்டிருந்தோம். அதற்குள் கந்தசாமி போன் போட்டுவிட்டார். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் விருந்துக்கு வந்திருந்த அவருடைய பங்காளிகள் வெற்றிலை மென்றபடியே வந்து சேர்ந்தார்கள். வெள்ளை வேட்டிகளில் ஒருவருக்கொருவர் இடம் விட்டு, மூன்றாவது வரிசை சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

வண்டி தாழ்ந்தது. அப்போது பார்த்தேன். அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே பென்சில் அளவு ஒரு கம்பி. அதன் தலையில் சுண்டுவிரல் மாதிரி ஒரு கை. வண்டி தாழ்ந்ததும் அந்தக் கை மேலே போனது. உடனே கம்ப்ரஸர் ஓடியது, வண்டி எழும்பியது, கை பழைய இடத்துக்கு வந்ததும் ஓட்டம் நின்றது. அத்தனை பெரிய வண்டி இந்தச் சுண்டுவிரலைக் கேட்டுத்தான் நிற்கிறது, உட்காருகிறது. நாங்கள் உடம்பை உயர்த்தியதும் அந்தக் கம்பி கையைக் கீழே இழுத்திருக்கிறது. வண்டி ஏதோ தப்பாக உயர்ந்துவிட்டது என்று நினைத்து அது காற்றை விட்டிருக்கிறது. கம்பியை உயர்த்திய அளவுக்கு நீட்டிவிட்டால் கை பழைய இடத்திலேயே இருக்கும், வண்டியும் புது உயரத்தைத் தன் உயரமாக எடுத்துக்கொள்ளும். மகேஸ்வரி அன்றே புதுக் கம்பி கடைந்து, இரண்டு முனையிலும் மரை போட்டு, நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி செய்து கொடுத்தார். பங்காளிகள் மறுபடி ஏறினார்கள். வண்டி தாழ்ந்து, எழும்பி, புது உயரத்தில் மட்டமாக நின்றது. இன்றைக்கும் அந்தக் கம்பியின் அழகுக்காக வண்டியின் அடியைக் காட்டிப் பெருமைப்படுவேன்.

ஆசை அதோடு நிற்குமா? இன்னும் கொஞ்சம் தூக்கலாமே என்றார் கந்தசாமி. மகேஸ்வரி முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு, அவரைப் பள்ளத்துக்குள் அழைத்துப்போனார். என்ஜினிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தொட்டுக் காட்டினார். இன்னும் தூக்கினால் மூட்டில் உதறல் எடுக்கும், ஓட்டத்தில் உடைந்தால் பின்னால் வருகிறவனுக்கும் ஆபத்து என்றார். கந்தசாமி வாதாடவில்லை. தண்டை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"அம்மிணி சொல்றது செரிதானுங்க. ராடு கோணலாப் போச்சுன்னா போரும் போச்சு, ராடும் போச்சு. எனக்கு இதுவே போதும்" என்றார்.

ராசாமணியின் சட்டைப் பை

எடப்பாடியிலிருந்து ஒரு விசைத்தறிக்காரர் தன் வண்டியை விட்டிருந்தார். காலை நேரம். ஜாக்கியை இறக்கியிருந்தோம். உடம்பு காற்றுப்பையின் மேல் நிற்க, பை தன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் வலது கை அச்சுக்கும் மேல் தகடுக்கும் நடுவே இருந்தது. என்ஜின் அணைந்திருந்தது. அதனால் வண்டி தூங்குகிறது என்று நினைத்தோம். வண்டிக்காரர் சார்ஜரை எடுக்கக் கதவைத் திறந்தார். இந்த வகை வண்டிக்கு அது போதும். யாரோ ஏறப்போகிறார்கள் என்று விழித்துக்கொள்ளும். ஒரு சின்ன 'டிக்' சத்தம்தான் கேட்டது. எனக்கு அது ஒன்றுமில்லை. ராசாமணிக்கு அது என்னவென்று தெரிந்திருந்தது.

கத்திக்கொண்டு நிற்கவில்லை அவர். என் சட்டையின் முதுகைப் பிடித்து இழுத்த இழுப்பில் நான் பின்னால் போய் டயர் அடுக்கில் மோதினேன். காற்று புஸ்ஸென்று போனது. என் கை இருந்த இடத்தில் தகடு வந்து அமர்ந்தது. வண்டிக்காரர் வெளுத்துப்போய், சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். அவருக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கே தெரியவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. வீட்டுக்குப் போய் அந்தக் கையால்தான் சாப்பிட்டேன். ஒவ்வொரு கவளத்துக்கும் ராசாமணி ஞாபகம் வந்தார்.

மறுநாளிலிருந்து காற்றுப்பை வண்டி வந்தால் ராசாமணி முதலில் அந்த கம்ப்ரஸருக்கும் வால்வுக்கும் போகும் ஃபியூஸ்களைக் கழற்றுவார். வேறு எங்கும் வைக்கமாட்டார். சட்டைப் பையில் போட்டுப் பொத்தானும் போட்டுக்கொள்வார். டீ குடிக்கப் போனாலும் அது அவரோடுதான் போகும். வேலை முடிந்து நான் வெளியே வந்து நின்ற பிறகுதான் திரும்ப மாட்டுவார். ஒருநாள் நான் அடியில் படுத்தபடி, எல்லாம் எடுத்தாச்சா என்று கேட்டேன். குனிந்து, பையைத் தட்டிக் காட்டினார்.

"அண்ணா, அதோட உசிரு எஞ்ஜோப்புல இருக்குதுங்க. உங்க உசிரை நீங்க பாத்துக்குங்க" என்றார்.

அம்மாபேட்டையில் ஒரு பட்டு இழை

சேலம் அம்மாபேட்டையில் பட்டுத்தறி நடத்தும் அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து பழைய எஸ்யூவி ஒன்றை வாங்கினார்கள். புடவைக் கட்டுகளையும் ஏற்றலாம், குடும்பமும் போகலாம் என்று. தினம் காலையில் பார்த்தால் பின்பக்கம் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறதாம். அதனால் உயர்த்தித் தரவேண்டும் என்றார் அண்ணன் பாலு. காற்று கசிகிறது என்று கேட்டதுமே எனக்குப் பட்டது. கசிகிற வண்டியை உயர்த்தினால், உயரத்திலிருந்து இறங்கும், அவ்வளவுதான். நேரில் போய்ப் பார்த்தேன்.

வீட்டின் முன்கட்டிலேயே தறிகள். அந்தச் சத்தத்தில் கசிவைக் காதால் கேட்க வழியில்லை. காலை நேரத் தறியை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தேன். பைக்கு மேலே, குழாய் சேரும் இடத்துக்கு பிரஷ்ஷும் எட்டவில்லை, கண்ணும் எட்டவில்லை. ஒரு பக்கமாகப் படுத்தும் பார்த்தேன், மறுபக்கமாகப் படுத்தும் பார்த்தேன். இந்த நிலைமை உங்களுக்கும் வந்திருக்கும். கோளாறு இருக்கும் இடம் தெரியும், அதை நிரூபிக்கத்தான் முடியாது.

தம்பியின் மனைவி கோமதி வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய் ஒரு தென்னங்குச்சியின் நுனியில் ஒற்றைப் பட்டு இழையைக் கட்டிக்கொண்டு வந்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். குச்சியை இடுக்கில் விட்டு, காற்றுப்பையைச் சுற்றி மெதுவாக நகர்த்தினார். டார்ச் வெளிச்சத்தில் இழை தொங்கிக்கொண்டே வந்தது. ஒரு இடத்தில், யாரோ ஊதியது போல, ஒருபக்கமாகச் சாய்ந்து நடுங்கியது. குச்சியைத் தள்ளிக் கொண்டுபோனார், நடுக்கம் நின்றது. திரும்பக் கொண்டுவந்தார், நடுங்கியது. அங்கேதான் குழாயின் வாய்க்குள் இருந்த ரப்பர் வளையம் வெடித்திருந்தது. மாற்றினேன். மறுநாள் பாலு போன் செய்து, வண்டி நேற்று விட்ட மாதிரியே நிற்கிறது என்றார். உயர்த்தவேண்டிய அவசியமே வரவில்லை. எனக்கு ஒரு வேலை போனது. ஆனால் இன்றைக்கும் என் டூல் பெட்டியில் ஒரு பட்டு இழை இருக்கிறது. அன்று வேலை முடிந்ததும், இதை எப்படி யோசித்தீர்கள் என்று கோமதியிடம் கேட்டேன்.

"அறுந்த இழை எங்கன்னு தேடறதுதானேண்ணா எங்க பொழப்பே. இதுல காத்து அறுந்திருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

மரவள்ளி லாரிக்காரர்

வண்டியின் முன்பக்கம் உயர்ந்தால் அதன் கண்ணும் உயர்ந்துவிடும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு மரவள்ளிக்கிழங்கு லாரி. பொழுது சாய்ந்த நேரம், உயர்த்தி முடித்த ஒரு வண்டியை எடப்பாடி ரோட்டில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்த லாரி விளக்கை அணைத்து அணைத்துக் காட்டியது. பிறகு ஓரம் கட்டியது. டிரைவர் இறங்கி என்னை நோக்கி வந்தார். வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராக நானும் இறங்கினேன். அவரோ என் வண்டியின் முன்னால் குனிந்து, விளக்குக்குப் பின்னால் இருக்கும் திருகு எங்கே என்று கேட்டார். லாரியைத் திருப்பி எனக்கு முன்னால் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, அதன் பின்கதவையே சுவராக வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் திருகினேன், அவர் பின்கதவில் கையை வைத்து, இன்னும் கீழே, இன்னும் கீழே என்று காட்டினார். வெளிச்சம் அவர் கைக்குக் கீழே வந்து நின்றது. கிழங்கு ஆலைக்கு நேரமாகிறது என்று லாரியில் ஏறியவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"நெலாவுக்கு அதும்பட சொந்த வெளிச்சமே போதுமுங்க. நீங்க ரோட்டுக்குக் காட்டுங்க" என்றார்.

முட்டைப் பரீட்சை

நாமக்கல்லுக்கு அப்பால் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் சரோஜா ஒரு நாள் பட்டறைக்கு வந்தார். தனியாக, தன் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு. பெரிய வண்டி, நான்கு சக்கரத்துக்கும் காற்றுப்பை. பண்ணைப் பாதையில் பாறை முதுகு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது, மழை பெய்தால் பள்ளத்தில் தண்ணீர் தேங்குகிறது, வண்டியின் அடி தட்டுகிறது, உயர்த்தவேண்டும் என்றார். ஆனால் சாவியைக் கொடுக்கவில்லை. நாங்கள் உயர்த்திய வண்டி ஒன்றை முதலில் தான் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றார். கேட்டதில் தப்பில்லை. நான் கந்தசாமிக்கு போன் செய்தேன். அவர் தன் வண்டியையே அனுப்பிவைத்தார்.

சரோஜா தன் வண்டியிலிருந்து ஒரு அட்டை நிறைய முட்டையை எடுத்துவந்து, கந்தசாமி வண்டியின் பின்சீட்டில் வைத்தார். கயிறு இல்லை, துணி இல்லை, சும்மா வைத்தார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, பைபாஸை விட்டு இறங்கி, கல்குவாரிக்குப் போகும் கரடுமுரடான பாதையில் விட்டார். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். முட்டைகளுக்குக் கைப்பிடி இல்லை. வளைவில் வண்டி சாயும் ஒவ்வொரு முறையும் என் கண் பின்னாலேயே போனது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. காதை மட்டும் வண்டியிடம் கொடுத்திருந்தார். நல்ல டிரைவர்கள் பலரோடு உட்கார்ந்து வந்திருக்கிறேன். ஒரு புது வண்டியின் உயரத்தை அத்தனை சீக்கிரம் புரிந்துகொண்டு, எந்த வளைவுக்கு எவ்வளவு வேகம் என்று கையில் கொண்டுவந்தவரை அதிகம் பார்த்ததில்லை.

திரும்பி வந்ததும் முட்டைகளைக் கையில் இரண்டிரண்டாக எடுத்து ஒன்றோடொன்று லேசாகத் தட்டி, சத்தத்தைக் கேட்டார். விரிசல் இருந்தால் சத்தம் மாறுமாம். மகேஸ்வரியும் ராசாமணியும் என் பக்கத்தில் வந்து நின்றார்கள். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் மாதிரி நின்றோம். கடைசி ஜோடியையும் தட்டிக் கேட்டுவிட்டு, அட்டையை மகேஸ்வரியிடம் நீட்டினார். கூடவே சாவியையும்.

"உங்க வேலையில விரிசல் இல்லீங்க. முட்டையை ஊட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, வண்டியை நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

துண்டைப் பிடித்து ஏறுகிறவர்

வேலையைத் தொடங்கும் முன் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வழக்கமாக வண்டியில் யார் யார் ஏறுவார்கள் என்று கேட்போம். என் வீட்டுக்காரரும் நானும்தான் என்றார் சரோஜா. மறுநாள் ஒரு வாடகைக் காரில் அவரையும் அழைத்து வந்தார். தங்கவேல் என்று பெயர். பண்ணைக் கொட்டகையின் கூரைமேல் வேலை செய்தபோது விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது. சக்கர நாற்காலியில் இருந்தார். பேச்சில் ஒரு குறையும் இல்லை. பட்டறைக்குள் நுழைந்ததும் எங்கள் லாரி ஜாக்கிகளைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார்.

எப்படி ஏறுவீர்கள் என்று கேட்டேன். செய்து காட்டினார். வண்டியின் மேல் கைப்பிடியில் ஒரு துண்டு வளையமாகக் கட்டியிருந்தது. நாற்காலியைச் சீட்டை ஒட்டி நிறுத்தி, ஒரு கையைச் சீட்டில் ஊன்றி, மறு கையால் துண்டைப் பிடித்து, ஒரே மூச்சில் உடம்பை மேலே தூக்கிச் சீட்டில் வைத்தார். பிறகு கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். சரோஜா பக்கத்தில் நின்றார், கையை நீட்டவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இப்போதே அவருடைய தோளின் முழு பலமும் செலவாகிறது. இதற்கு மேல் சீட்டு உயர்ந்தால் அவரால் ஏற முடியாது. அதைச் சொன்னேன்.

"அப்படீன்னா வேண்டாமுங்க" என்றார் சரோஜா உடனே.

"தூக்கியே ஆகோணும். மழைக்காலத்துல பண்ணைக்குப் போறதெப்படி? எனக்காவ வண்டியைக் கெடுத்து வைக்க வேண்டாம். நான் ஊட்டுலயே இருந்துக்கறேன்" என்றார் தங்கவேல்.

"நீங்க இல்லாத வண்டி எனக்கெதுக்கு?"

இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். இரண்டு பேரும் அடுத்தவருக்காகத்தான் சண்டை போடுகிறார்கள். ராசாமணி வண்டியின் பின்பக்கம் போய், ஒயர்களைப் பார்க்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து மகேஸ்வரியைக் கூப்பிட்டார். பிறகு இருவரும் என்னைக் கூப்பிட்டார்கள்.

ராசாமணி யோசித்தது இதுதான். இந்த வண்டிக்கு நான்கு பக்கமும் காற்றுப்பை. அதனால் இரும்பு வளையமே வைக்க வேண்டாம். பைக்குள் இன்னும் கொஞ்சம் காற்று போக இடம் இருக்கிறது. மகேஸ்வரி கம்பியின் நீளத்தை மட்டும் மாற்றினால் ஓட்டத்தில் வண்டி உயர்ந்து நிற்கும். வளையம் இல்லாததால், காற்றை முழுக்க விட்டால் வண்டி உள்ளே இருக்கும் ரப்பர் கட்டைகள் மேல் வந்து அமரும். அது இப்போது நிற்கும் உயரத்தைவிட நன்றாகவே தாழ்வு. உயரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் வண்டியின் கம்ப்யூட்டர் குறுக்கே வராமல், வண்டி நிற்கும்போது மட்டும் காற்றை விடவும் நிரப்பவும் தனியாக ஒரு சுவிட்ச் வைக்கவேண்டும். வைத்துவிடலாம் என்றார் ராசாமணி. அவர் வைத்துவிடலாம் என்றால் வைத்துவிடுவார்.

சில நாள் பிடித்தது. கம்பியை மகேஸ்வரி மாற்றி மாற்றிக் கடைந்தார். நாலு மூலையும் ஒரே சீராக இறங்கவேண்டும், ஒரு மூலை முந்திக்கொண்டால் உள்ளே இருப்பவர் சரிந்துவிடுவார் என்பதில் பிடிவாதமாக இருந்தார். எல்லாம் முடிந்து அவர்களை வரச்சொன்னோம். சரோஜா சுவிட்சை அமுக்கினார். வண்டி மெல்ல இறங்கித் தரைக்குப் பக்கத்தில் அமர்ந்தது. தங்கவேல் நாற்காலியை ஒட்டி நிறுத்தினார். பழக்கத்தில் துண்டைப் பிடித்தார். முழு மூச்சையும் எடுத்துக்கொண்டு தூக்கப் பார்த்தவருக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. பக்கத்தில் நகர்வது போல நகர்ந்து சீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கணம் துண்டைப் பிடித்த கையோடு அப்படியே இருந்தார். சரோஜா கால்களை எடுத்து வைக்கக் குனிந்தார். தங்கவேல் தடுக்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டு சரோஜா டிரைவர் சீட்டில் ஏறியதும், தங்கவேலையே சுவிட்சை அமுக்கச் சொன்னார் ராசாமணி. கம்ப்ரஸர் ஓடியது. வண்டி நாலு மூலையும் ஒன்றாக எழும்பியது. எங்கள் தோளளவில் இருந்த அவருடைய முகம் எழும்பி எழும்பி எங்கள் முகத்துக்கு நேரே வந்து நின்றது. மகேஸ்வரி கையிலிருந்த வேஸ்ட் துணியால் சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். சரோஜா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராக ரோட்டைப் பார்த்தார். தங்கவேல் ஜன்னலில் முழங்கையை வைத்து, எங்கள் மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நான் எந்திரிச்சு ரொம்ப நாளாச்சுங்க. இன்னைக்கு இது என்னையுஞ் சேத்துத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சிருச்சு" என்றார்.

வண்டியை உயர்த்துவதுதான் தொழில் என்று போர்டு எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் என் நாளில் பாதி அது ஏன் இறங்கிவிட்டது என்று குனிந்து பார்ப்பதிலும், மீதி எங்கே இறங்கவேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பதிலும்தான் போகிறது.